முழு மனதோடு எதிர்க்கிறேன்

தெருவில் எல்லோரும் வேண்டும் என்று சொன்னதில்தான் சிக்கல் தொடங்கியது.

லாரியில் வந்த சூரிய மின்பலகைகளைச் சமுதாயக் கூடத்தில் இறக்கி, கதவைப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு முத்திரையும் வைத்துவிட்டுப் போனார்கள். மக்கள் இந்தத் திட்டத்தை மனதார ஏற்றுக்கொண்டார்கள் என்று மக்கள் ஏற்பு ஆய்வு மையம் சான்று தரவேண்டும். அதற்குப் பிறகுதான் பலகைகள் வீடுகளின் மேல் ஏறும். கதவில் அப்படி ஒட்டியிருந்தது.

மூலை வீட்டுத் தையல்காரி அதைப் படித்த கையோடு, பாதி பொத்தான் வைத்த பள்ளிச் சீருடையை அப்படியே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மையத்துக்கு நடந்தாள். அவளுக்கு அவசரம் இருந்தது. வீட்டில் அண்ணன் இருந்தார்.

அண்ணன் கல் உடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடிவிட்டார்கள். அதன் தூசி மட்டும் அவர் நெஞ்சைக் காலி செய்ய மறுத்துவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்வரை மனிதர் கேலி பேசுவார், கத்தரித்த துணிகளை அடுக்கிக் கொடுப்பார், தங்கை போட்ட தையல் கோணல் என்பார். மத்தியானமானால் கரண்ட் போகும். மெஷின் கீச்சென்று கத்திவிட்டு அடங்கும். அப்புறம் அண்ணன் துணி வெட்டும் மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க, பேசாமல் உட்கார்ந்திருப்பார். கைவசம் ஒரு சிலிண்டர் உண்டு. அதைத் தையல்காரி சொட்டுச் சொட்டாகச் செலவழித்தாள்.

மையத்தில் இயக்குநரே அவளைப் பார்த்தார்.

“நான் ஏத்துக்கிறேன் சார். எங்க கையெழுத்துப் போடணும்?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, ஏத்துக்கிறேன்னு வாயால யார் வேணா சொல்லலாம். ஏன் ஏத்துக்கிறீங்க?”

“கரண்ட் போயிடுது சார். அண்ணனுக்கு மூச்சு…”

“அது தேவை. நாங்க தேடுறது மனப்பான்மை. தேவை இருக்கிறவங்க எதை வேணா ஏத்துப்பாங்க. அதைப் போய் ஏற்புன்னு எழுதினா ஆய்வுலகம் சிரிக்கும்.”

ஆய்வுலகம் சிரிக்க வேண்டும் என்று அவளும் ஆசைப்படவில்லை. வேறு என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவேண்டாம், வீட்டிலேயே இருங்கள், அறிவியல் உங்களைத் தேடி வரும் என்றார்.

அறிவியல் ஒரு இளம்பெண்ணின் உருவத்தில், தோளில் கனமான பையோடு, நல்ல வெயிலில் வந்தது. ஆய்வாளர் என்று அறிமுகம் செய்துகொண்டாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். முகத்தில் ஒரு பயந்த மரியாதை இருந்தது. தையல்காரிக்கு அவளைப் பிடித்துவிட்டது.

“சூரியனோட உங்க உறவை எப்படி வர்ணிப்பீங்க?” என்று கேள்வி ஆரம்பித்தது.

தையல்காரி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மூக்குக் குழாயைச் சரி செய்துகொண்டு, “கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லம்மா,” என்றார்.

ஆய்வாளர் எழுதிக்கொண்டாள். “சூரியன் மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? கொஞ்சமா, ஓரளவா, ரொம்பவா?”

“காலைல சொன்ன நேரத்துக்கு வரான், சாயங்காலம் சொல்லாமலே கிளம்பிடுறான். எங்க ஆலை மேனேஜரும் அப்படித்தான். ஓரளவுன்னு போட்டுக்கோ.”

“உங்க வீட்டுக் கூரை மேல பலகை வந்தா, உங்க அடையாளம் பறிபோயிடும்னு நினைக்கிறீங்களா?”

“கூரை மேல என்ன இருக்குன்னு நானே ஏறிப் பாத்து வருஷக்கணக்கா ஆச்சு…” என்று அண்ணன் சொல்லும்போது கரண்ட் போனது.

மெஷின் கத்தியது. தையல்காரி சிலிண்டரை உருட்டி வந்தாள். திருகு இறுகிப்போயிருந்தது. அண்ணனின் உதடு நிறம் மாறுவதைப் பார்த்து ஆய்வாளர் எழுந்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த கேள்வித்தாள் கட்டாலேயே அவருக்கு விசிறத் தொடங்கினாள். திருகு திறந்து, குழாயில் காற்று வந்து, அவர் தலையை மெல்ல நிமிர்த்தும்வரை விசிறிக்கொண்டே இருந்தாள்.

பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கி, கடைசிப் பக்கத்தில் ‘நேர்காணல் இடையில் தடைபட்டது’ என்று எழுதினாள். அதற்கு மட்டும்தான் அந்தத் தாளில் இடம் இருந்தது.

“எவ்வளவு நாளாகும்மா?” என்று வாசலில் தையல்காரி கேட்டாள்.

“நான் போய்ச் சொல்றேன்க்கா,” என்றாள் ஆய்வாளர். என்ன சொல்வாள் என்று சொல்லவில்லை.

தெரு முழுக்க இப்படி விசாரித்து முடித்தபோது, ஒருவர் விடாமல் எல்லோரும் பலகை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இயக்குநர் கலங்கிப் போனார். ஊர்க்கூட்டம் போட்டார். கூடத்தின் அரக்கு உடையக் கூடாது என்பதால் கூட்டம் கூடத்துக்கு வெளியே வெயிலில் நடந்தது.

“அன்பு மக்களே,” என்றார் இயக்குநர், குடைக்கடியில் நின்று. “நீங்க எங்களை ஏமாத்தப் பாக்குறீங்க. வருத்தமா இருக்கு. உலகத்துல எங்கயுமே எல்லாரும் ஒரே குரல்ல ஏத்துக்கிட்டதா வரலாறு கிடையாது. ஒண்ணு, எங்க மனசு நோகக் கூடாதுன்னு ஆமாம் போடுறீங்க. இல்ல, உங்க எதிர்ப்பு உங்களுக்கே தெரியாம உள்ள மறைஞ்சிருக்கு. மக்கள் ஏன் எதிர்க்குறாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் எங்க மையத்தையே கட்டினாங்க. கட்டடம், வண்டி, நாற்பது ஊழியர்கள். எதிர்ப்பே இல்லைன்னா நாங்க எல்லாரும் எதுக்கு? கொஞ்சம் எங்க நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க.”

தெரு யோசித்தது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. யாராவது எதையாவது சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோருக்கும் தோன்ற ஆரம்பித்த நேரத்தில், எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கினான்.

“பளபளன்னு இருக்கும் சார். கண்ணு கூசும்.”

இயக்குநர் குடையை விட்டு வெளியே வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து எலக்ட்ரீஷியன் எதிர்ப்புக் குழுவின் தலைவர் ஆனான். அவனை மையத்தின் குளிர்சாதன வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. சாப்பாடு போட்டார்கள். அவன் சொன்ன வாக்கியத்தை மூன்று பேர் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். ‘கண்’ என்று அவன் சொன்னது மரபையா, அச்சத்தையா என்பதில் அவர்களுக்குள் கைகலப்பு வராத குறை. மறுவாரம் வண்டியில் ஏற இன்னும் சிலர் நின்றார்கள். பலகை மழையைத் தடுக்கும் என்றார் ஒருவர். பலகை இரவில் முனகும் என்றார் இன்னொருவர். பலகை தன் மருமகள் பக்கம் பேசும் என்ற பெரியவருக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்கினார்கள்.

ஏற்றுக்கொண்டவர்களுக்கு வண்டி வரவில்லை. அவர்களிடம் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

“டேய், உன் வீட்டு மிக்ஸியே மத்தியானம் ஓடல. நீ எதுக்குடா எதிர்க்குற?” என்று தையல்காரி எலக்ட்ரீஷியனைப் பிடித்துக் கேட்டாள்.

“அக்கா, சத்தியமா சொல்றேன். எதிர்ப்பு சேர்ந்தாத்தான் அவங்க படிச்சு முடிப்பாங்க, படிச்சு முடிச்சாத்தான் பூட்டைத் திறப்பாங்கன்னு சொன்னாங்க. உனக்காகவும்தான் எதிர்க்குறேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகக் கவலையைக் கொடுத்தது.

சிலிண்டர் தீரும் நிலைக்கு வந்த ஒரு மத்தியானம் அவள் மறுபடியும் மையத்துக்கு ஓடினாள். இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். வரவேற்பறையில் உட்காரச் சொன்னார்கள். தெரு முழுக்கக் கரண்ட் இல்லாத நேரம். இங்கே மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் மீன்களுக்குக்கூடக் காற்றுக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. மையத்தின் மாடியில் பலகைகள் இருந்தன. அவை முன்மாதிரிப் பலகைகள்.

மீன்கள் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் ப்ளக் பாயிண்ட் எங்கே என்று பார்த்தாள்.

மறுநாள் வாடகை வண்டியில் அண்ணனையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். காவலாளி என்ன ஏது என்று கேட்பதற்குள் சொருகிவிட்டாள். மெஷின் ஓடியது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்.

“பாப்பா, பெரிய இடத்துக் காத்து தனி ருசிதான்.”

அப்படியே வழக்கமாகிவிட்டது. மத்தியானம் வருவார்கள், வெயில் தாழ்ந்ததும் போவார்கள். ஊழியர்கள் அவர் காலைத் தாண்டிப் போகப் பழகினார்கள். வெளியூரிலிருந்து வந்த பார்வையாளர்கள் அவரைக் கண்காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். “சிரிக்கவா, மூச்சு விடவா? ரெண்டும் ஒண்ணா வராது,” என்பார் அண்ணன். ஆய்வாளர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவருக்கு ஒரு டீ வைத்துவிட்டுப் போவாள். அந்தச் சில நாட்கள் தையல்காரிக்குத் தூக்கம் வந்தது.

பிறகு இயக்குநர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். ஆய்வாளரும் குறிப்பெடுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, ஒரு பெரிய விபத்து நடந்துபோச்சு.”

தையல்காரி பதறி வரவேற்பறைப் பக்கம் திரும்பினாள். அண்ணன் மீன்களோடு பேசிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

“அவருக்கு ஒண்ணும் இல்ல. விபத்து எங்க ஆய்வுக்கு. உங்க அண்ணன் சூரிய மின்சாரத்தை ஏத்துக்கிறாரா இல்லையான்னு நாங்க இன்னும் முடிவு பண்ணல. அதுக்குள்ள அவர் அதை அனுபவிச்சுட்டார். அவர் மனசு கலப்படமாயிடுச்சு. போதாததுக்கு வீட்டுக்குப் போய் நல்லா இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார். தெருவே கலப்படம். எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“முதல்லேர்ந்துன்னா?”

“சூரியனோட உறவிலேர்ந்து.”

“சார், நல்லா இருக்குன்னு தெரிஞ்சுட்டா குடுத்துட வேண்டியதுதானே?” என்றாள்.

இயக்குநர் உண்மையிலேயே நொந்துபோனார். “இது பலகை குடுக்கிற இடம் இல்லம்மா. நாங்க புரிஞ்சுக்கிறவங்க. குடுத்துட்டா புரிஞ்சுக்க என்ன மிச்சம் இருக்கும்?” என்றார். பிறகு குரலைத் தணித்தார். “இனிமே அவரைக் கூட்டிட்டு வராதீங்க. வந்தா உங்க தெருவுக்கு ஆய்வு முடியவே முடியாது. எல்லார் பொல்லாப்பும் உங்களுக்கு எதுக்கு?”

ஆய்வாளர் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தாள். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரி இதை மென்று முழுங்கப் பார்த்தாள். அண்ணன் விடவில்லை. கேட்டு முடித்ததும், “நான் இனிமே அங்க வரல, பாப்பா,” என்றார்.

“நீ சும்மா இரு. யார் தடுக்கிறாங்கன்னு பாக்குறேன்.”

“தெருவுல இருக்கிற குழந்தைங்க எல்லாம் புழுங்கிச் சாகும். நான் மட்டும் மீன்கூட உக்காந்து காத்து வாங்கவா? வேணாம். மேசைல சாஞ்சுக்கிறேன். பழக்கம்தானே.”

பழக்கமில்லை. மூச்சுத் திணறுவது யாருக்கும் பழகுவதில்லை. அந்த வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போய், வழக்கமான நேரம் தாண்டியும் வரவில்லை. சிலிண்டர் சீறலை நிறுத்திக்கொண்டது. அண்ணனின் நகங்கள் நீலம் பாய்ந்தன. தங்கை முகத்தைப் பார்த்துக் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல வரவில்லை. அவருக்குச் சொல்ல வராமல் போனதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அதனால் பூட்டை ஒன்றும் செய்ய முடியாது என்பது கூடத்தின் கதவுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. அரக்கை மட்டும் சுரண்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எலக்ட்ரீஷியன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தான்.

எதிர்ப்புக் குழுவின் தலைவரே பூட்டை உடைத்தார். பலகை மழையைத் தடுக்கும் என்றவர் ஒரு பக்கமும், மருமகள் பக்கம் பேசும் பலகைக்குப் பயந்த பெரியவர் மறுபக்கமுமாகப் பலகைகளைத் தூக்கித் தையல்காரி வீட்டுக் கூரையில் ஏற்றினார்கள். பலகைகளோடு வந்திருந்த பேட்டரிப் பெட்டியை இழுத்து வந்து எலக்ட்ரீஷியன் கம்பி பிணைத்தான். அவன் விரல்கள் பறந்தன. மெஷின் ஒருமுறை விக்கி, பிறகு ஓடியது. அண்ணன் மேசையிலிருந்து தலையைத் தூக்க நிறைய நேரம் ஆயிற்று.

“அக்கா, இது ஒரு மெஷினைத்தான் தாங்கும்,” என்றான் எலக்ட்ரீஷியன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “வேற எதையும் சொருகிடாத. படுத்துடும்.”

மறுநாள் காலையில் இயக்குநர் வந்தார், ஆய்வாளரோடு. தையல்காரி வாசலை மறித்து நின்றாள். இயக்குநர் கூரையை அண்ணாந்து பார்த்தார். உடைந்த பூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“அற்புதம்,” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

“அம்மா, இத்தனை வருஷத்துல நான் பாத்த எதிர்ப்பெல்லாம் வாய்ப்பேச்சு. இதுதான் செயல். அரசு முத்திரையை உடைச்சு, திட்டத்துக்கு உரிய பொருளைக் கைப்பற்றி… இவ்வளவு ஆழமான எதிர்ப்பை நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்.”

“எதிர்ப்பு இல்ல சார். எங்களுக்கு வேணும். வேணும்னுதான் எடுத்தோம்.”

“உங்களுக்கு அப்படித்தான் தோணும். உள்ள இருக்கிறது உங்களுக்கே தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே.” அவர் குரல் கனிந்தது. “பாருங்க, திருட்டுன்னு போலீஸ்ல சொன்னா இப்பவே கழட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அதுல விருப்பம் இல்ல. எதிர்ப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா இது ஆய்வுச் சான்றுப் பொருள். சான்றுப் பொருளை யாரும் தொடக் கூடாது. இருக்கிற இடத்துலயே இருக்கணும்.”

ஆய்வாளர் தாளை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கக்கா,” என்றாள் மெதுவாக.

தையல்காரி படித்தாள். ‘சூரிய மின்சாரத்தை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன்’ என்று இருந்தது. உள்ளே மெஷின் சீராக ஓடும் சத்தம் கேட்டது. அண்ணன் யாரிடமோ, சட்டைக் காலரை இப்படியா வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். தையல்காரியின் கை கோணாது. அன்று கோணியது.

அறிக்கை வந்தது. மக்கள் எதிர்ப்பு வன்முறை அளவுக்கு முற்றியிருப்பதால் இந்தப் பகுதி சூரிய மின்சாரத்துக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று அதில் முடிவு செய்திருந்தார்கள். இயக்குநருக்கு வேறொரு நாட்டில் மாலை போட்டார்கள். லாரி வந்து கூடத்தில் மிச்சமிருந்த பலகைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டது. தெரு வாசலில் நின்று பார்த்தது. யாரும் தையல்காரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன்கூட வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவள் இரவு சாப்பிட்டிருப்பாள்.

அடுத்த நாள் பின்தெருவிலிருந்து முட்டைக் கடைக்காரி வந்தாள். துணி தைக்கக் கொடுக்க வந்தவள் மாதிரி ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையில் துணி இல்லை.

“அடுத்து எங்க தெருவுக்குத்தான் குடுக்கிறதா இருந்துதாம்,” என்றாள். “லாரி முனை வரைக்கும் வந்து திரும்பிடுச்சு. இந்தப் பக்கத்துக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. எதுக்குக்கா வேணாம்னு எழுதினீங்க?”

தையல்காரி நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் வாயாலேயே கேட்கும்போது அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. கேட்டு முடித்ததும் முட்டைக் கடைக்காரி, “எங்க அப்பாவும் அந்த ஆலைதான். இதே மெஷின்தான் வச்சிருக்கார்,” என்றாள். “நாங்களும் வேணாம்னு எழுதிக் குடுத்தா எங்களுக்கும் ஒண்ணு குடுப்பாங்களா?”

உடைப்பதற்கு அந்தத் தெருவில் பூட்டுகூட இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தையல்காரி பொத்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் நகர்த்தினார். “உங்கப்பா லோடு ஏத்துற பக்கமா, ஜல்லிப் பக்கமா?”

“லோடு ஏத்துற பக்கம்.”

“அப்ப என்னைத் தெரியும். மத்தியானம் கூட்டிட்டு வாம்மா.”

“அண்ணா,” என்றாள் தங்கை. “ஒண்ணுதான் தாங்கும்னு அவன் சொல்லியிருக்கான்.”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எதுக்கு மூச்சு விடணும்? அவர் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். மாத்தி மாத்தி விட்டுக்கிறோம்.” அவர் சிரிக்கப் பார்த்தார்.

முட்டைக் கடைக்காரி தையல்காரியைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். தையல்காரி எழுந்து, சுவரோரம் இருந்த தையல் மெஷினைத் தூக்கி வாசலில் வைத்தாள். உள்ளே இன்னொரு நாற்காலி போட இடம் வந்தது.